முறுக்குக்கு ஓர் எண்ணெய்க் குளியல்

தனபாக்கியம்: ...நாய்க்கு எண்ணெய் தேச்சு உடற வழக்கம் எந்த ஊர்லங்க இருக்குது?

சேனாபதி: இன்னைக்குச் சனிக்கிழமை புள்ள. சனிக்கிழமை ஆம்பளைங்க எண்ணெய் தேச்சுக்கற நாளு. அவனும் ஆம்பளைதானே?

தனபாக்கியம்: அதுக்கு?

சேனாபதி: இந்த டெக்ஸஸ் வெயில்ல பாவம், சொறிஞ்சு சொறிஞ்சே பாதியாப் போயிட்டான். தொட்டுப் பாத்தேன், தோசைக்கல்லு தோத்துச்சு. உடம்புச் சூடு! ஹில்க்ராஃப்ட் இந்தியக் கடையில வாங்குன நல்லெண்ணெய எடுத்து, நாலு மிளகு, கொஞ்சம் சீரகம் போட்டுக் காய்ச்சி...

தனபாக்கியம்: கருவேப்பிலைய மறந்துட்டீங்களா?

சேனாபதி: கிண்டல் பண்ணாத. தலையில இருந்து வாலு வரைக்கும் பக்குவமாத் தேச்சேன். கண்ண மூடிட்டு மாப்பிள்ளையாட்ட உக்காந்திருந்தான். சீயக்காய எடுக்கலாம்னு கேரேஜ் கதவத் தொறந்தேன்... அவ்வளவுதான். ராக்கெட்டு!

தனபாக்கியம்: எட்டிப் புடிக்கறதுக்கென்ன?

சேனாபதி: புடிச்சேனே! வழுக்குச்சு. மறுக்காப் புடிச்சேன். வாலு கைக்கு வந்துச்சு, அதுவும் வழுக்குச்சு.

தனபாக்கியம்: முப்பது வருஷம் எண்ணெய்க் கம்பெனியில இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவரு... எண்ணெய் வழுக்கும்னு தெரியலீங்களா? கழுத்துப் பட்டையப் புடிச்சிருந்தா நின்னிருக்குமில்ல?

சேனாபதி: அதை... முன்னாடியே கழட்டி வெச்சுட்டேன். நல்ல பட்டை, எண்ணெய் பட்டா வீணாப் போயிருமேன்னு...

தனபாக்கியம்: அட முருகா! பேரு, போன் நம்பர் எல்லாம் அதுலதானே இருக்குது!

சேனாபதி: ம்.

தனபாக்கியம்: முறுக்குன்னு பேரு வெச்சா எண்ணெய்ல போட்டு எடுத்தே ஆகோணுமா?

சேனாபதி: நான் என்ன தேடாமயா வந்தேன்? இந்தப் பேர்லேண்டுல ஒரு தெரு பாக்கி வெக்கல. வேட்டி, வெறும் காலு, கையில எண்ணெய்க் கிண்ணம். ஊருல மனுஷன் நடந்து பாத்ததே இல்லையாட்ட இருக்குது. பத்துக் காரு நிறுத்தி, "சார், உங்களுக்கு ஒண்ணும் இல்லையே"ன்னு கேட்டுட்டுப் போகுது.

தனபாக்கியம்: பத்தா?

சேனாபதி: ரெண்டு. ஆனா ரெண்டும் பெரிய காரு. நான் "முறுக்கு! முறுக்கு!"ன்னு கத்திட்டே போறேன், இந்தத் தெருவுல இருக்கற கிரீஷ் பையன் காரு ஜன்னல இறக்கி, "அங்கிள், ஒரு பாக்கெட் எவ்வளவு"ங்கறான்!

தனபாக்கியம்: சிரிக்காதீங்க... அது பிராட்வே மெயின் ரோட்டுப் பக்கம் போயிருந்தா? அங்க போற வேகத்துக்கு எந்தக் காருங்க நிக்கும்? வயசான நாயி. காது வேற பாதிதான் கேக்குது.

சேனாபதி: அத்தன தூரமெல்லாம் போயிருக்காது புள்ள.

தனபாக்கியம்: இந்த நாய விட்டுட்டு எங்கயும் வர மாட்டேன்னு, அக்கா மகன் கல்யாணத்துக்குக் கூட மெட்ராஸ் போகாத மனுஷி ஷ்யாமளா. நீங்கதானே மாருல தட்டி, "போயிட்டு வாங்க, நாங்க உங்க வீட்டுலயே வந்து இருக்கறோம், முறுக்க எங்க கண்ணாட்டப் பாத்துக்கறோம்"னு ஏத்தி உட்டு அனுப்புனீங்க?

சேனாபதி: அவங்களும் அங்க இத்தாலிக் கிராமத்துல இதே வேலையத்தான் புள்ள பாக்கறாங்க. அந்த வீட்டுக்காரம்மா வெளியூரு போயிருக்குது. ராமசுப்ரமணியனும் ஷ்யாமளாவும் வாடகை இல்லாம அந்த வீட்டுல தங்கி, அந்தம்மாவோட கழுதையையும் கோழியையும் பாத்துக்கறாங்க.

தனபாக்கியம்: அவங்க ஒழுங்காப் பாத்துக்கறாங்க. நம்மள மாதிரியா? விஷயம் தெரிஞ்சா அடுத்த ஃப்ளைட்டப் புடிச்சு வந்துருவாங்க. வந்து... நம்ம மூஞ்சியில முழிப்பாங்களா?

சேனாபதி: அப்படிச் சொல்லாத தனம். இரு, இன்னொரு சுத்து காருல போயிப் பாத்துட்டு... ஐயோ. போன் அடிக்குது.

தனபாக்கியம்: யாருங்க?

சேனாபதி: ஷ்யாமளா. வீடியோ கால்!

தனபாக்கியம்: எடுக்காதீங்க!

சேனாபதி: எடுக்கலீன்னாதான் சந்தேகம் வரும். கேமராவ விரலால மூடிக்கறேன்... ஹலோ! ஷ்யாமளாங்களா! நல்லா இருக்கீங்களா!

ஷ்யாமளா: நன்னா இருக்கோம் சார். என்ன, ஒரே கும்மிருட்டா இருக்கு அங்கே?

சேனாபதி: அது... கேமராவுல கொஞ்சம் எண்ணெய் பட்டுருச்சுங்க.

ஷ்யாமளா: எண்ணெயா! எப்படிப் பட்டுது?

தனபாக்கியம்: வடை சுட்டனுங்க!

ஷ்யாமளா: கார்த்தாலயே வடையா? பேஷ். முறுக்கு எங்கே?

சேனாபதி: தூங்கறானுங்க. என்ன தூக்கங்கறீங்க! கும்பகர்ணன் வந்து பாத்தா, "தம்பி, எனக்குக் கொஞ்சம் கத்துக் குடு"ம்பான்.

ஷ்யாமளா: சாப்பிட்டானோ?

சேனாபதி: சாப்பிட்டானாவா! கிண்ணத்தோட முழுங்கப் பாத்தான். தனந்தான் போராடிப் புடுங்குனா.

ஷ்யாமளா: அப்படியா! எங்கிட்ட இருக்கறச்சே கெஞ்சினாதான் ரெண்டு வாய். சரி, ஒரே ஒரு தடவை எழுப்புங்கோளேன். முகம் வேண்டாம், குரலைக் கேட்டாப் போறும்.

சேனாபதி: பச்சக் கொழந்தையாட்டத் தூங்கறவன எழுப்பச் சொல்றீங்களே...

ஷ்யாமளா: பரவால்லை. எழுப்புங்கோ.

சேனாபதி: ...வள்! வள் வள்!

தனபாக்கியம்: கேட்டுச்சுங்களா?

ஷ்யாமளா: கேட்டுது, கேட்டுது. என்ன, தொண்டை கட்டியிருக்கா?

தனபாக்கியம்: லேசா... சளிங்க.

ஷ்யாமளா: இன்னொரு தடவை குரைக்கச் சொல்லுங்கோ.

சேனாபதி: வள்... கையக் கிள்ளாத புள்ள... வள்!

ஷ்யாமளா: நடுவுல "கிள்ளாத புள்ள"ன்னானே?

சேனாபதி: அது நானுங்க! தனம் பக்கத்துல நின்னு... விடுங்க. ராமசுப்ரமணியன் எங்கீங்க? ஆளையே காணோம்?

ஷ்யாமளா: அவரா... அவர் வாக்கிங் போயிருக்கார்.

சேனாபதி: அங்க இப்போ சாயங்காலம் ஆயிருக்குமே. எப்பப் போனாரு?

ஷ்யாமளா: கார்த்தால.

தனபாக்கியம்: காலையில போனவரா! அவருக்கு முட்டி வலியில்லீங்களா?

ஷ்யாமளா: ம்... இந்த ஊர்ல பாக்கறதுக்கு நிறைய இருக்கு. ஒவ்வொண்ணாப் பாத்துண்டு வரார் போல. அதை விடுங்கோ. நான் என்ன சொல்ல வந்தேன்னா, இத்தனை வருஷத்துல இப்பதான் தனம், மனசு லேசாத் தூங்கி எழுந்துக்கறேன். முறுக்கு உங்ககிட்ட இருக்கான், ஒரு குறையும் வராதுன்னு...

தனபாக்கியம்: போதுமுங்க! என்னால முடியாது. ஏனுங்க, போனக் குடுங்க இப்படி... ஷ்யாமளா, முறுக்கக் காணோமுங்க!

சேனாபதி: தனம்...

தனபாக்கியம்: காணோம். காலையில ஓடிப் போயிருச்சு. கொரைச்சது இவருதான்.

சேனாபதி: தப்பு என்னோடதுங்க. எண்ணெய் தேச்சு உட்டேன்... கழுத்துப் பட்டையக் கழட்டுனதும் நான்தான். ரோட்டுல எங்க பிரேக் போடற சத்தம் கேட்டாலும் உசுரு போயிட்டு வருதுங்க. நம்பி உட்டுட்டுப் போனீங்க... நீங்க என்ன சொல்லித் திட்டுனாலும் வாங்கிக்கறேன். வாயத் தொறந்து திட்டீருங்க.

ஷ்யாமளா: சார்... அழறேளா?

சேனாபதி: இல்லீங்க. கண்ணுல எண்ணெய் போயிருச்சு.

ஷ்யாமளா: அழாதீங்கோ. முறுக்கு பத்திரமா இருக்கான்.

தனபாக்கியம்: என்னங்க?

ஷ்யாமளா: எங்க ஆத்துக்குப் பின் தெருவுல மாளவிகா இருக்காளே, அவா ஆத்துலதான் இருக்கான். கேட் திறந்திருந்ததாம். நேரா உள்ளே போய் ஸ்விம்மிங் பூல்ல குதிச்சுட்டான். குளம் பூரா எண்ணெய் மிதக்கறதாம். "ஆண்ட்டி, உங்க நாய் ஏன் ஊறுகாய் மாதிரி இருக்கு"ன்னு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினா. உங்க நம்பர் அவகிட்ட இல்லை.

தனபாக்கியம்: தாயே மீனாட்சி! உன்ற கோயில்ல நூத்தியெட்டுத் தேங்கா ஒடைக்கறேன்னு வேண்டுனது வீண் போகல!

சேனாபதி: நூத்தியெட்டா? ஒடைக்கப் போறது யாரு, நானா?

தனபாக்கியம்: வேற யாரு? உங்களுக்குத்தான் கையில எண்ணெய் இருக்குதே, தோள்பட்டையில தேச்சுட்டு ஒடைங்க. ஏனுங்க ஷ்யாமளா, அடி கிடி ஒண்ணும் படலீங்களே?

ஷ்யாமளா: ஒண்ணும் இல்லை. வெயிலுக்குச் சுகமா தண்ணியில கிடக்கான். வெளியில வான்னா வர மாட்டேங்கறானாம். சொறியறதைக் கூட நிறுத்திட்டானாம்.

சேனாபதி: பாத்தியா! பாத்தியா தனம்! எண்ணெய் வேலை செஞ்சிருச்சு! நான் அப்பவே சொன்னேன், உடம்புச் சூடுன்னு! இந்த ஹியூஸ்டன்ல எத்தன பெரிய கம்பெனி எண்ணெய் தேடுது? தண்ணிக்குள்ள குதிச்சு எண்ணெய் வர வெச்சது நம்ம முறுக்குதான்!

தனபாக்கியம்: அந்தக் குளத்த யாரு கழுவறதுன்னு கேளுங்க மொதல்ல.

சேனாபதி: கழுவறேன்! பல்லு வெளக்கற பிரஷ்ஷ வெச்சு வேணும்னாலும் கழுவறேன்! மாளவிகா புள்ள நூறு வருஷம் நல்லா இருக்கோணும்! ...இருங்க, இருங்க. போட்டோ எப்ப வந்துச்சுங்க?

ஷ்யாமளா: உங்களைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே.

சேனாபதி: அப்போ... எல்லாம் தெரிஞ்சேதான் என்னைக் கொரைக்க உட்டீங்களா? அதும் ரெண்டு தடவை?

ஷ்யாமளா: முதல் தடவை சரியாக் கேக்கலை சார்.

தனபாக்கியம்: நல்லா வேணும் இவருக்கு! ஆனா ஷ்யாமளா, ஒண்ணு கேக்கோணும். முறுக்கு ஒரு தும்மல் போட்டாலே ஊரக் கூட்டற ஆளு நீங்க. ஒரு வார்த்தை திட்டலியே? கோவமே வரலீங்களா?

ஷ்யாமளா: அது வந்து தனம்... இருங்கோ, ஒரு நிமிஷம்... ஏன்னா, என்ன சொல்றேள்? கிடைச்சுடுத்தா! நெஜமாவா? நன்னாப் பிடிச்சுக்கோங்கோ, கயிறை விட்டுடாதீங்கோ! எங்கே இருந்தது? ...என்னது, அதுக்குமா? ஐயோ, எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கறதே!

சேனாபதி: என்ன கிடைச்சுதுங்க? எதக் கயித்துல கட்டிக் கூட்டிட்டு வர்றாரு?

ஷ்யாமளா: கழுதையை சார்! "என்னைப் பார், யோகம் வரும்"னு நம்ம ஊர்க் கடையில எல்லாம் கழுதைப் படம் மாட்டியிருப்பாளே... நெஜக் கழுதையே இருக்கறச்சே படம் எதுக்குன்னு, இவர் தினம் அதைக் கொட்டாய்லேர்ந்து அவிழ்த்துண்டு வந்து எங்க படுக்கையறை ஜன்னல்ல கட்டிட்டுத்தான் படுத்துப்பார், கண்ணைத் திறந்ததும் அது மூஞ்சியில முழிக்கணுமாம். இன்னிக்குக் கண்ணைத் திறந்தார், வெறும் ஜன்னல் கம்பி மூஞ்சியில முழிச்சார். வீட்டுக்கார அம்மா போன்ல "என் செல்லம் எங்கே"ன்னு கேட்டா; "தூங்கறது"ன்னு வாய் கூசாமச் சொன்னவ நான், உங்களை எந்த வாயால சார் திட்டுவேன்? கழுதை கெட்டாக் குட்டிச்சுவர்னு நம்பி இவர் தேடக் கிளம்பிட்டார், ஆனா இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ரோமாபுரி ராஜா காலத்துக் குட்டிச்சுவர்தான், ஒவ்வொண்ணுக்கும் வாசல்ல டிக்கெட்டு வேற! சுவர் சுவரா டிக்கெட் வாங்கி நுழைஞ்சு, கடைசியில ஒரு இடிஞ்ச கோவிலுக்குப் பின்னாடி அது நிம்மதியாப் புல் மேஞ்சுண்டு நின்னுதாம். இழுத்துண்டு வெளியில வரச்சே டிக்கெட் குடுக்கறவா வழி மறிச்சு, "இது மட்டும் எப்படி டிக்கெட் இல்லாம உள்ளே போச்சு"ன்னு கேட்டு, கழுதைக்கும் ஒரு டிக்கெட் போட்டுக் காசு வாங்கிட்டாளாம்!