பூட்ஸ் வந்த மாதிரிதான்

உக்காருங்க தம்பி... ஐயோ அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும், இதுல உக்காருங்க. பஸ் நாலு மணிக்குத்தான். நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? என் புருஷன் தலமாட்டுல எவன் பேரையோ வெட்டி ஒரு கல்ல நட்டுட்டுப் போயிருக்கானுங்க! கறுப்புக் கல்லு! அதப் பாத்துத் தல சீவிக்கலாம், அவ்ளோ பளபளப்பு. மேல ஒரு தங்க யாழ் வேற! எங்க ஃபெஸ்டஸ் உசுரோட இருந்தப்ப ஒரு விசில் கூட ஒழுங்கா அடிச்சதில்ல தம்பி.

பால் போதுமா? ரொட்டி எடுத்துக்குங்க, காலையில சுட்டது. வெண்ணெய நல்லாத் தடவுங்க, யாரு பாக்கப்போறா! சிகாகோலேர்ந்து வந்தாங்க, டெவேனின்னு ஒரு கூட்டம்... அதென்ன, நீங்களும் மடியில ஃபைல் வெச்சிருக்கீங்க? அடக் கடவுளே, நீங்களும் தாத்தா தேடற ஆளா! எங்கேர்ந்து? ஆஸ்திரேலியாவா! அடேங்கப்பா. யாரத் தேடறீங்க?

கோல்மன் லாவெல்லா? ஹா! சிரிக்கறேன்னு கோச்சுக்காதீங்க. இந்த ஊர்ல கல்ல எறிஞ்சா ஏதாவது ஒரு கோல்மன் லாவெல் மேலதான் விழும். மூத்த பையனுக்கு அப்பனோட அப்பன் பேரு, ரெண்டாவதுக்கு ஆத்தாளோட அப்பன் பேரு... இப்படியே வெச்சு வெச்சு ஒரே காலத்துல பதினோரு கோல்மன் லாவெல் இருந்தாங்க. செவப்புக் கோல்மன், குட்டக் கோல்மன், ஆட்டுக் கோல்மன்... எங்க வீட்டுலயே ஒண்ணு, மாமனாரோட தம்பி. அவரு இங்கிலாந்துக்குக் கெழங்கு தோண்டப் போனவரு, போனவருதான். அவருக்குக் கப்பல்னாலே வாந்தி, ஆஸ்திரேலியா பக்கம் தலவெச்சுக்கூடப் படுத்திருக்க மாட்டாரு.

கவலப்படாதீங்க, உங்களுக்கும் ஒருத்தர நான் தேடித் தர்றேன். யாரையும் நான் வெறுங்கையோட அனுப்பினதே இல்ல. மனசு வராது தம்பி! பாதி உலகம் சுத்தி வந்து மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கறாங்க, அவங்கள்ட்ட போய் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? போன வருஷம் ஒருத்தருக்கு எங்க மாட்டுக்கொட்டாயக் காட்டினேன், உங்க தாத்தா பொறந்த வீடுன்னு. மனுஷன் செவுத்தக் கட்டிப்புடிச்சு அழுதாரு. உள்ள மாடு முழிக்குது!

எங்க விட்டேன்... ஆங், டெவேனி. அதுல ஒரு அம்மா, எம்பத்தெட்டு வயசு. ஆஸ்டின் டெவேனி குழி எங்கன்னு கேட்டு அழுகை. மழையோ மழை. பஸ்ஸுக்காரன் ஹார்ன் அடிக்கறான். எனக்குத் தெரிஞ்சு கல்லறையில கல்லு இல்லாத குழி ஒண்ணே ஒண்ணு, அதுவும் எங்களுது. அதக் காட்டி, இதாம்மா உங்க ஆஸ்டின்னுட்டேன். நம்ம ஆளுங்கதான உள்ள இருக்காங்க, கோச்சுக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். கல்லு அனுப்பறோம்னாங்க. சரிதான், பூட்ஸ் வந்த மாதிரிதான்னு விட்டுட்டேன். அது எங்க வீட்டுப் பேச்சு, விடுங்க. வந்துருச்சே தம்பி! லாரியில வந்துருச்சே!

எங்க குழிக்கு ஏன் கல்லில்லன்னா, மாமனார் பீடர் போட்ட சட்டம். காணாமப்போன தன் தம்பி பேரும் அந்தக் கல்லுல வரணும், அவன் இருக்கானா போனானான்னு தெரியாம வெட்டக்கூடாதுன்னுட்டாரு. தபால்காரன் சைக்கிள் சத்தம் கேட்டா சாகற வரைக்கும் வாசலுக்கு ஓடுவாரு. இப்ப உள்ள மாமனார், மாமியார், ஃபெஸ்டஸ். மிச்சம் ஒரு எடம், எனக்கு. டெவேனி கல்ல எடுக்கச் சொல்லி ஃபாதர்கிட்டப் போய் அழுதேன். அவரு என்ன சொல்றாரு தெரியுமா? கல்லறைப் பதிவேடு ஈரத்துல போச்சு, லாவெல் ரத்தம் யாராவது வந்து இது எங்க குழின்னு கையெழுத்துப் போடணுமாம். நான் வந்த மருமகதானாம்! நாப்பத்தொரு வருஷம் அவன் கொறட்டையக் கேட்டிருக்கேன், எனக்கு அவன் பக்கத்துல படுக்க உரிம இல்லையா? எங்களுக்குப் புள்ளயும் இல்ல. கடைசியில ஒத்தையா வேலியோரம்தான் படுக்கணும் தம்பி, சிரிச்சுக்கிட்டே சொல்றேன்னு பாக்காதீங்க.

சரி, உங்க காகிதத்தக் காட்டுங்க. தாத்தா பெட்டியில அனுப்பாமக் கெடந்த கடுதாசியா? கண்ணாடி எங்க... தலமேலயே இருக்கு. 'அண்ணா பீடர், உன் பூட்ஸப் போட்டுக்கிட்டு வந்துட்டேன். புதுசு ஒண்ணு அனுப்பிட்டுத்தான் எழுதணும்னு வீம்பா இருந்தேன். வருஷம் ஓடிருச்சு. இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு...'

யேசுவே.

தம்பி... தம்பி, இது எங்க கோல்மன்! எங்க மாமனாரோட பூட்ஸ்! அவருகிட்ட இருந்த ஒரே நல்ல ஜோடி! புதுசு அனுப்பறேன்னு சொல்லிட்டுத் தம்பிக்காரன் போட்டுக்கிட்டுப் போனது! ரப்பர் பூட்ஸப் போட்டுக்கிட்டுக் கல்யாணம் பண்ணிக்கிட்ட மனுஷன் அவரு! ஏன் ஃபைல மூடறீங்க? சிரிக்காதீங்க! மாட்டுக்கொட்டா பொய், டெவேனி பொய், ஒத்துக்கறேன், இது சத்தியம்! இருங்க, பஸ்ஸுக்காரன் ஹார்ன் அடிச்சா அடிக்கட்டும்... கதவச் சாத்துங்க! ஐயோ என் வாய வெச்சுக்கிட்டு நான் சும்மா இருந்தேனா!

தம்பீ! நில்லுங்க! பூட்ஸ் வந்த மாதிரிதான்னு நான் சொன்னேனா இல்லையா? எப்பச் சொன்னேன்? நீங்க ஃபைலத் தொறக்கறதுக்கு முன்னாடி சொன்னேன்! எந்தப் பூட்ஸுன்னு கேட்டீங்களா? வராததுக்கெல்லாம் எங்க வீட்டுல அதான் பேச்சு, நான் வாழவந்த நாள்லேர்ந்து அதான் பேச்சு!

...போயிருச்சா பஸ்ஸு? போகட்டும் சனியன். உள்ள வா. வாடா உள்ள! நீங்க நாங்கன்னு இன்னும் என்ன மரியாத? ஃபெஸ்டஸுக்கு உங்கப்பன் தம்பி முறை, நான் உனக்குப் பெரியம்மா. அழாத, டீயில விழுது. நானா? நான் அழல, இது அடுப்புப் புகை. நாளைக்கு ஃபாதர்கிட்டப் போறோம், கையெழுத்துப் போடற. டெவேனிக்காரங்களுக்கு நான் எழுதிக்கறேன், திட்டட்டும், வாங்கிக்கறேன்.

ஷூவக் கழட்டு, சொதசொதன்னு இருக்கு. குடு, அடுப்போரம் வைக்கறேன். நல்ல தோலு... திருப்பித் தருவேன்னு மட்டும் நெனைக்காத. இது நாளைக்கு மாமனார் தலமாட்டுக்குப் போகுது. நீ ஃபெஸ்டஸோட ரப்பர் பூட்ஸ்லயே ஆஸ்திரேலியா போ.