கொன்றவனுக்கு நாற்பது பக்கம்

தலைமையேற்றிருக்கும் சிப்பித் தொழிலாளர் சங்கத் தலைவி அவர்களே, எழுத்தாலேயே எல்லோரையும் நடுங்கவைக்கும் இயக்குநர் பியோ இன்சொப் அவர்களே, கத்தி பிடித்துக் காய்த்த கைகளோடு வந்திருக்கும் தோங்யோங் நகரத்துத் தாய்மார்களே! இயக்குநரோடு இணைந்து திரைக்கதை எழுதும் ஓக் தாரிமின் வணக்கம்!

என்ன? அடுத்த படத்தில் கொலைகாரன் யார் என்றா கேட்கிறீர்கள்? சொல்ல மாட்டேனம்மா, டிக்கெட் வாங்குங்கள்!

இருட்டை எழுதுகிறவர், இரத்தத்தை எழுதுகிறவர், இரக்கமே இல்லாதவர் என்று ஏடுகள் ஏசும் இவர் எப்படித்தான் எழுதுகிறார்? பன்னிரண்டு ஆண்டுகள் அருகிலிருந்தும் எனக்கு விளங்கவில்லை. விளங்கியது இந்த ஊரில்!

இங்கே நடந்த ஒரு கொலையைத் திரைக்கதையாக எழுதி முடித்திருந்தோம். கொலைகாரனாக நடிக்கப் பெரிய நடிகர் ஒருவரும் சம்மதித்துவிட்டார். பிறகுதான், கொலையுண்ட செயோனின் தாயார் தாக் மல்சுன் அம்மையாரிடம் அனுமதி கேட்க வந்தோம். முழுதும் படித்தார்.

"கொன்னவனுக்கு நாப்பது பக்கம். எம்பொண்ணுக்கு மூணு வரி, அதுவும் பொணமா. அன்னிக்குக் காலைல அவ என்ன சாப்பிட்டான்னாவது தெரியுமா, டைரக்டரே?"

சினந்தாரா இவர்? சமாளித்தாரா? இல்லை, கேட்டார்!

"என்னம்மா சாப்பிட்டா?"

"ஒண்ணும் சாப்பிடல. சண்ட போட்டுட்டுப் போனா."

"எதுக்குச் சண்ட?"

அதற்குப் பதில் கிடைக்க ஆறு நாள்! ஆறு நாளும் இயக்குநர் உங்கள் சிப்பிக் கொட்டகையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சிப்பி பிளந்தார், விரலையும் பிளந்துகொண்டார். "தள்ளிக்கோய்யா, சிப்பியெல்லாம் ரத்தம்!" என்று கத்தியவர்கள் யார்? சிரிக்கிறீர்களே, நீங்கள்தான்! ஆறாம் நாள் அம்மா சொன்னார்: சியோலுக்கு வேலைக்குப் போகிறேன் என்ற மகளை, "போய்த் தொலை" என்று திட்டினாராம். முன்வரிசையில் அவர் தலையசைத்த பிறகே இதைச் சொல்கிறேன்.

"இதை எழுதலாமாம்மா?"

"எழுது. ஆனா என்னை நல்லவளாக்கிடாத."

நாற்பது பக்கமும் போயிற்று. கோபித்துக்கொண்டு நடிகரும் போனார். படமே போய்விடும் என்று நான் அழுதேன்.

"கொலைகாரன் வந்தா யாரும் பயப்படுவாங்க, தாரிம். செயோன் பஸ்ஸுக்கு நிக்கும்போதே பயப்படணும்" என்றார் இயக்குநர். பாதிச் செலவில், புதுமுகங்களை வைத்து எடுத்து முடித்தார்.

சென்ற வாரம் இதே அரங்கில் திரையிட்டோம். செயோன் பேருந்துக்குக் காத்து நிற்கிறாள். இசை இல்லை, இருட்டு இல்லை, கத்தி இல்லை. காலை வெயில் மட்டும்! ஆனாலும் எழுந்து நின்று, "ஏய், வீட்டுக்குப் போடி!" என்று கத்தினீர்களே! இதுவல்லவா எழுத்து! இதுவல்லவா அச்சம்! அன்பு வைத்த பிறகல்லவா அச்சம் வருகிறது!

வெளியே வந்ததும் மல்சுன் அம்மாவிடம் கேட்டேன்: "நீங்களும் கத்தினீங்களாம்மா?"

"நான் எதுக்குக் கத்தணும்? அவளைப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அந்தக் கண்களுக்கு நன்றி சொல்லி, உங்கள் அத்தனை பேரையும் வணங்கி அமர்கிறேன்.