காரில் எத்தனை இருக்கை

"கார் செய்த திகதி தெரியாட்டி ஜனவரி ஒண்டு எண்டு போடு. பிறப்புப் பத்திரம் இல்லையெண்டு உன்ர பிறந்த திகதியும் அப்பிடித்தானே போட்டவங்கள்."

கிரின்ஸ்டெட் நகரில், வாகனப் பதிவு அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இருவரில் மூத்தவர் சொன்னார். இளையவர், பாகங்களாக வாங்கித் தானே பொருத்திப் பூட்டிய காருக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். ஒட்டுக்கேட்பது சரியில்லை என்று என் குழந்தையின் தள்ளுவண்டியைப் பின்னுக்கு இழுத்தேன். ஆனாலும் கேட்டது.

"பகிடியை விடுங்கோ அண்ணை. தயாரிச்சது ஆரெண்டும் கேட்டிருக்கு."

"நீதானே பூட்டினனீ? உன்ர பேரை எழுது."

"இன்சூரன்ஸ்காரன் கார் நம்பரைக் கேக்கிறான். இவங்கள் இன்சூரன்ஸைக் கேக்கிறாங்கள். எதை முதல் எடுக்கிறது?"

"அதை உள்ளுக்குக் கேப்பம். எத்தினை சீற் எண்டு எழுது."

இளையவரின் பேனா நின்றது.

"முன்னுக்கு ரெண்டுதான் பூட்டினது. பின் சீற் வீட்டில கிடக்கு. மனுசியும் பிள்ளையள் ரெண்டும் வந்தாப் பிறகு பூட்டுவம் எண்டு விட்டிட்டன்."

"விசாவுக்குப் பதில் வந்ததோ?"

"ரெண்டு வருசமா இல்லை. எங்கட ஆக்களின்ர ஃபைலை ஒருத்தரும் தொடுறேல்லையாம். நாலெண்டு எழுதினால் பொய். ரெண்டெண்டு எழுதினால், அவையள் வரமாட்டினம் எண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரி."

அவர்களுடைய முறை வந்தது. அலுவலகப் பெண் படிவத்தைப் பார்த்து, வெறுமையாக இருந்த அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். இளையவர் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"வாங்கோ அண்ணை. பின் சீற்றைப் பூட்டிப்போட்டு நாளைக்கு வருவம்."