லவ்வுன்னா பூஜ்யமுங்க

நான் மைக்கைப் பிடித்ததுமே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட டென்னிஸ் மன்றத் தலைவர் சுவாமிநாதன் அவர்களே! பெரியோர்களே! வெயில் பாராமல் வந்து வீற்றிருக்கும் தாய்மார்களே! முதல் வரிசையில் பெயரில்லாமல் அமர்ந்திருக்கும் டாக்டர் கமலவேணி அம்மா அவர்களே! வணக்கம்.

பெயரில்லாமல் என்றேன். எனக்குப் பின்னால் தொங்கும் வெற்றியாளர் பலகையைப் பாருங்கள். 1973க்கு நேரே ஏன் வெற்றிடம்? ஆட்டம் நடக்கவில்லையா? ஆடியவர் வெல்லவில்லையா? பதினோரு மனு எழுதினேன். "அந்தாளுக்கு வேற வேல இல்லீங்க" என்றவர்கள் இதே மேடையில் மாலையோடு இருக்கிறார்கள். இருக்கட்டும். அந்தப் பெயர் பலகையில் ஏறுமா, ஏறாதா? இன்று உங்கள் கைகள் சொல்லட்டும்!

அன்று இறுதியாட்டம். கமலவேணிக்குப் பதினேழு வயது. வெங்காயக் காட்டை விட்டுவிட்டு முதன்முதலாக ஆட்டம் பார்க்க வந்தார் அப்பா கருப்பண்ணன். நடுவர் முழங்கினார்: "ஃபிஃப்டீன் லவ்!"

துண்டை உதறி எழுந்தார் கருப்பண்ணன். "ஏனுங்க, ஊருசனத்துக்கு முன்னால எம்புள்ளயப் பாத்து லவ்வுங்கறீங்க?"

சிரிக்காதீர்கள்! சரி, சிரியுங்கள். நடுவரைப் பிடிக்கப் பாய்ந்தார், வலை தடுக்கி விழுந்தார், கால் முறிந்தது. ஓடி வந்த மகள் தன் மட்டையையே அணைகொடுத்து, அவர் துண்டாலேயே இறுகக் கட்டினார்.

"லவ்வுன்னா பூஜ்யமுங்கப்பா."

"பூஜ்யமா? அதுக்கா சாமி நான் கால ஒடிச்சுக்கிட்டேன்?"

எதிர்த்து ஆடிய பெண்ணே தன் மாற்று மட்டையை நீட்டினாள். அதை வாங்கி ஆடினார்! ஆடி வென்றார்! மன்றம் என்ன செய்தது? "நடுவில் களத்தை விட்டவர்" என்று பெயரை எழுத மறுத்தது.

களத்தை விட்டாரா? அந்த ஒரு கட்டு அவரை மருத்துவம் படிக்க வைத்தது. கொல்லிமலையிலிருந்து கால் ஒடிந்து இறங்கியவர்கள் சேந்தமங்கலத்தில் அவரிடம் கட்டுப்போட்டு, நடந்து மலையேறினார்கள், நாற்பது ஆண்டுகளாக!

முதல் வரிசையிலிருந்து டாக்டர் அம்மா ஏதோ சொல்கிறார். "போதும் சாமி, உனக்குப் பிரஷர் ஏறுது, எறங்கு" என்கிறார். ஏறட்டும் அம்மா! பெயரும் ஏறட்டும்!

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வரியில் இருப்பது பூஜ்யம். டென்னிஸில் பூஜ்யத்துக்கு என்ன பெயர்? சத்தமாக! லவ்வுங்களா? அந்த லவ் உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள்!

அடடா, தலைவரே, நீங்களுமா? கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளுங்கள், நான் முடித்துவிட்டேன். பெயிண்டர் சின்னான் வாசலில் ஏணியோடு நிற்கிறார்; வழிவிடுங்கள். கை தூக்கிய அத்தனை பேருக்கும் என் நன்றி, என் வணக்கம்!