அவளுடைய பூட்டு

ரயில் வென்ற்வேர்த்வில் ஸ்டேஷனைத் தாண்டியதும் எதிரே இருந்த பெண் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்த கணவனிடம் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, நான் திரும்பிப் போகாட்டி அந்தக் கட்டடத்துக்குக் கரண்ட் வராதாம்."

அவளுக்கு நாற்பது வயதிருக்கும். சட்டை முதுகில் 'எலக்ட்ரிக்கல் அப்ரன்டிஸ்' என்றிருந்தது.

"என்னப்பா செய்தனீர்?"

"மெயின் சுவிட்சில என்ர பூட்டைக் கழட்ட மறந்திட்டன். வேலை செய்யிற ஒவ்வொருத்தரும் தங்கட பூட்டைப் போடுறது. எல்லாம் கழட்டினால்தான் கரண்ட் போடலாம்."

"வெட்டச் சொல்லுமன்."

"சொன்னனான். யூனியன் ஆள் விடுறாரில்லை. போனில சொன்னது காணாதாம். நான் உள்ளுக்க இல்லையெண்டு கண்ணால காணவேணுமாம். எல்லாரும் வீட்டை போகாமல் நிக்கினம்."

"பேச்சு விழப்போகுது."

"விழட்டும்." அவள் சிரித்தாள். "முதல் வேலை செய்த, யூனியன் இல்லாத கொம்பனியில, நான் கூரைக்குள்ள வயர் பிடிச்சுக்கொண்டிருக்கேக்கயே சுவிட்சைப் போட்டவங்கள். ஆர் உள்ள எண்டும் கேக்கேல்லை."

கணவன் அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்கு நீர் இதைச் சொல்லேல்லை."

"சொன்னால் வேலையை விடச் சொல்லியிருப்பியள்."

அடுத்த ஸ்டேஷனான பென்டில் ஹில்லில் கதவு திறந்தது. அவர் அவளுடைய ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாரும். உம்மைக் காட்டிப்போட்டு வருவம்."