மறைந்தோடும் வண்டிக்கு ஒரு மணி

என் பேச்சு எப்போது முடியும் என்ற கவலையோடு தலைமை தாங்கும் முதலாளி ஐயா அவர்களே! ஒளியையே வளைத்த எங்கள் இன்ஜினியர் அம்மா அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே, பின்வரிசையில் முணுமுணுக்கும் தாய்மார்களே! அவர்கள் நடுவே, இந்த மனிதர் என்ன உளறப்போகிறாரோ என்று முறைத்துக்கொண்டிருக்கும் என் மனைவியே! வணக்கம்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பெஞ்சு மேல் நின்று! ஆனால் கண்ணுக்குத் தெரியாத வண்டியை ஓட்டியவன் இந்த ஊரில் ஒருவன் உண்டென்றால், அவன் நான்தான்!

ஓடையில் கல் கிடக்கிறது. நீர் என்ன செய்கிறது? வளைகிறது, விலகுகிறது, அப்பால் மீண்டும் கூடுகிறது. எங்கள் வண்டிக்குப் போர்த்திய செதில் போர்வை, வெளிச்சத்தை அப்படித்தான் வளைக்கிறது. கிடக்கிற கல்லுக்கு அது சுலபம். ஓடுகிற வண்டிக்கு? நொடிக்கு நொடி ஒவ்வொரு செதிலும் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்ற வைத்தார் எங்கள் இன்ஜினியர் அம்மா! கை தட்டுங்கள், வலிக்காது.

ஆனால் சுற்றிப்போகும் வெளிச்சம் வண்டிக்குள் வருமா? வராது. ஊருக்கு நான் தெரியமாட்டேன். எனக்கு ஊர் தெரியாது. தன் அறையில் இருந்தபடி, திரையில் வண்டியின் புள்ளியைப் பார்த்து, என் காதில் இடம் வலம் சொல்வார் அம்மா. இருட்டில் பயம் தெளிய நான் பாடுவேன்.

அன்று பட்டறையில் சோதனை ஓட்டம். அங்கே துப்புரவு வேலை பார்க்கும் என் மனைவி, வாளியோடு குறுக்கே வந்துவிட்டாள். திரையில் அவளுக்குப் புள்ளி ஏது?

"யோவ்! ஆளக் காணோம், கழுதக் குரல் மட்டும் கிட்ட வருது!"

அது என் காதுக்கருவி வழியாக அம்மாவுக்கும் கேட்டது.

"அண்ணே, நிறுத்துங்க!"

நிறுத்தினேன். வாளி நசுங்கியது. வாளி மட்டும்.

என்ன அங்கே சிரிப்பு? அன்றிலிருந்து வீட்டில் என் பாட்டுக்குத் தடையில்லை, தெரியுமா!

மறுநாளே அம்மா வண்டியில் மணி கட்டினார். நாளை கடைத்தெருவில், வண்டியை விலைக்கு வாங்க வருபவர்கள் முன்னால் ஓட்டம். நேற்று முதலாளி ஐயா சொன்னார்: "மறைஞ்சு போற வண்டிக்கு மணி எதுக்குப்பா? கழட்டுங்க."

ஐயா, கடைத்தெருவில் நடப்பது யார்? உங்கள் அக்கா நடப்பார். இந்தத் தாய்மார்கள் நடப்பார்கள். என் வீட்டுக்காரி புது வாளி வாங்க நடப்பாள்! கண்ணுக்கு மறையட்டும், காதுக்கும் மறையலாமா? வண்டி மறையலாம், வருகிற ஆபத்து மறையலாமா?

ஐயா தலையாட்டுகிறாரா, கொசு விரட்டுகிறாரா? தெரியவில்லை.

ஆகவே தாய்மார்களே, நாளை மணிச்சத்தம் கேட்டால் ஒதுங்குங்கள். உள்ளே நான் இருப்பேன். கேட்காவிட்டால் ஒதுங்கவே வேண்டாம். கடைத்தெரு ஓரத்தில், எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி நின்றிருப்பேன், வண்டிச் சாவி என் சட்டைப் பையில்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. பார்த்துப் போங்கள், கேட்டும் போங்கள். வணக்கம்!