இரண்டு அரசுகள் சம்மதித்த திட்டு

விட்பியிலிருந்து ரொறன்ரோ டவுன்ரவுனுக்கு வருவதென்றால் ரயில்தான் நல்லது. காரில் வந்தால் நிறுத்த இடம் தேடியே பாதி உயிர் போய்விடும். நேற்று கம்பனிக்காக நீங்கள் நடத்திய விசாரணைக்கு நான் அரை மணித்தியாலம் முந்தி வந்து உட்கார்ந்திருந்ததற்கு அதுதான் காரணம். பயத்தில் வந்தேன் என்று நீங்கள் நினைத்திருக்கக்கூடும். அப்படி இல்லை.

நடாஷா, நீங்கள் என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி. "அங்கிள், இந்த டெப்த் நம்பர்ஸ ஏன் சேஞ்ச் பண்ணினீங்கள்? ஜஸ்ட் டெல் மீ." எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறீர்கள் என்று பிறகு அறிந்தேன். அதனால் பதிலைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் கம்பனிக்குச் சாட்டுச் சொல்கிற மாதிரித்தான் எனக்கு எழுத வரும். நாற்பது வரியில் முடிக்கலாம் என்று நினைத்தேன், கொஞ்சம் நீளும்.

கம்பனிக் கோப்பில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மன்னார்க் கடலின் இரண்டு கரைகளிலும் உள்ள அரசுகள் கடலடியில் ஒரு தொடர்புக் கம்பி போட விரும்பின. ஒரு காலத்தில் தந்திக் கம்பி போட்ட அதே ஒடுங்கிய கடல். இரண்டு கரையிலிருந்தும் வரும் இரண்டு பாதிகள் எங்கே சேர்வது என்பதில்தான் தகராறு. இணைப்பு யாருடைய கடலில் இருக்கிறதோ அவர் அதில் காது வைத்துக் கேட்பார் என்று மற்றவர் பயந்தார். பதினொரு மாதம் பேசினார்கள். பொது இடம் என்பதால் ரொறன்ரோவுக்கே வந்து பேசினார்கள். ஏரிக்கரை ஹோட்டலில் பெயர்ப்பலகையை எந்தப் பக்கம் வைப்பது என்பதிலேயே ஒரு காலை நேரம் போனது. கடலடியை அளந்து வரைபடம் கொடுப்பது எங்கள் கம்பனியின் வேலை. அந்தக் கடலை என்னைப்போல அறிந்தவர் கம்பனியில் வேறு ஒருவரும் இல்லை. இருபத்திரண்டு வயது வரை நான் அங்கே படகோட்டியாக இருந்தவன்.

இணைப்புக்கு மூன்று இடங்கள் பார்த்தோம். இரண்டு இடங்கள் நல்லவை. ஆழமும் போதும், அடிமண்ணும் அசையாது. மூன்றாவது ஏழாம் திட்டு. நடுக்கடலில் மணல் மேடாகி, கொஞ்சம் புல்பூண்டும் முளைத்துக் கிடக்கிற இடம். கடல் எல்லைக்கோடு அதன் நடுமுதுகால் போகிறது. நல்ல இடங்கள் இரண்டின் எண்களையும் நான் மாற்றினேன். மணல் ஓடுகிற இடங்கள், கம்பி அறுந்துவிடும் என்று குறிப்பும் எழுதினேன். உங்கள் கேள்விக்கு ஓம் என்று பதில் சொன்னால் போதும் என்றால், ஓம்.

ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கிளடிஸ் அன்ரியைச் சொல்ல வேண்டும்.

கிளடிஸ் அன்ரி எங்கள் ஊர். எழுபத்தொன்பது வயது. ஸ்காபரோவில் பதினோராம் மாடியில் தனியே இருக்கிறார். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. கிழமையில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆறு வருடமாக நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். பனிகொட்டின நாளிலும் ஒரு தடவை தவறவில்லை. இங்கே இருக்கிற எங்கள் ஊர்ச்சனத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

அவருடைய ஒரே பிள்ளை றோஸ்மேரி. தொண்ணூறாம் ஆண்டு ஆனியில், சண்டை மூண்டபோது, அக்கரைக்குப் போகவென்று என் படகில் ஏறிய ஒன்பது பேரில் ஒருத்தி. பத்தொன்பது வயது. படகு கவிழ்ந்தது, ஒன்பது பேரையும் கடல் கொண்டுபோனது, ஓட்டி ஜூலியஸ் மட்டும் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தான். இது ஊருக்குத் தெரிந்த கதை. கனடா எனக்கு அகதி அந்தஸ்துத் தந்ததும் இந்தக் கதைக்குத்தான். இங்கே வந்த புதிதில் பார்க்டேலில் அறை எடுத்து இருந்த காலத்திலிருந்து ஒவ்வொரு ஆனியும் நினைவுத் திருப்பலி நடக்கிறது. ஒன்பது மெழுகுதிரியையும் நான்தான் கொளுத்துவேன். தப்பி வந்தவன் என்பதால் முன்வரிசையில் எனக்கு ஓர் இடம் உண்டு.

மூன்று வருடத்துக்கு முன் அக்கரை மீனவர் ஒருவர் ஏழாம் திட்டில் வலை உலர்த்தும்போது மண்ணிலிருந்து ஓர் அடையாள அட்டையை எடுத்தார். பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்ததால் படம் அழியவில்லை. வாட்ஸப்பில் அது ஸ்காபரோ வரை வந்தது. இரட்டைப் பின்னலோடு றோஸ்மேரி. அட்டை கடலில் மிதந்து போயிருக்கும் என்று நான் சொன்னேன். அன்ரி கேட்கவில்லை.

"இல்லை ஜூலியஸ். என்ர பிள்ளை நீந்தி ஏறியிருக்கிறாள். அவள் கெட்டிக்காரி. உந்தத் திட்டிலதான் கிடக்கிறாள்."

ஒன்பது குடும்பங்களையும் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்கினார். திட்டைத் தோண்டிப் பார்க்கச் சொல்லி இரண்டு அரசுகளுக்கும் எழுதினார். திட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் என்று இக்கரை அரசு எழுதியது. இல்லை, இந்தப் பக்கம் என்று அக்கரை அரசு எழுதியது. மீன் பிடிக்கப் போனவனை எல்லை தாண்டினான் என்று பிடிக்கிறபோது மட்டும் திட்டின் ஒவ்வோர் அடிக்கும் இரண்டு சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

பேச்சுவார்த்தை ரொறன்ரோவில் என்று தெரிந்ததும் அன்ரி என்னைக் கூப்பிட்டார். ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன கையால் என் கையைப் பிடித்தார். "நீ அந்த மேசையில இருக்கிறாய், தம்பி. இந்தக் கடிதத்தைக் குடு. எனக்கு நட்டஈடு வேண்டாம், விசாரணையும் வேண்டாம். எலும்பைத் தந்தால் காணும். ஒரு பெட்டியில வைச்சு, பூசை ஒப்புக்குடுத்து அடக்கம் செய்துபோட்டு நான் போயிடுவன். அதுக்காகத்தான் உந்த மெசினில கிடக்கிறன்."

என் மனம் உருகாமல் இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் காரை ஓரமாக நிறுத்தி அழுதேன்.

கடிதத்தை நான் கொடுக்கவில்லை என்று ஊரில் சிலர் இப்போது கதைக்கிறார்களாம். அது அபாண்டம். கொடுத்தேன். இரண்டு பக்கத்துச் செயலாளர்களையும் தனித்தனியே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு பேருடைய முகமும் ஒரே மாதிரி மாறியது. ஒன்றைத் தோண்ட வெளிக்கிட்டால் எங்கே போய் நிற்பது என்று ஒருவர் கேட்டார். யாருடைய ரோந்துப் படகு அந்த நேரம் அங்கே நின்றது என்று கேள்வி வருமே என்றார் மற்றவர். அதன்பிறகு நான் என் வரைபடத்தை விரித்தேன். இணைப்பு ஏழாம் திட்டில் இருந்தால் அது இருவருக்கும் பொது. இணைப்புப் பெட்டி ஓரத் தண்ணீருக்குள் கிடக்கும், மணலைத் தோண்டத் தேவையில்லை. திட்டைச் சுற்றி ஒரு கிலோமீற்றருக்குப் பாதுகாப்பு வட்டம். இருபத்தைந்து வருடத்துக்கு அதற்குள் நங்கூரம் போடக்கூடாது, கால் வைக்கக்கூடாது, தோண்டக்கூடாது.

பதினொரு மாதம் ஒன்றிலும் ஒத்துப்போகாதவர்கள் இருபது நிமிடத்தில் கைகுலுக்கினார்கள். கோப்பிகூட ஆறவில்லை.

வட்டத்தின் நடுப்புள்ளியை எப்படித் தெரிந்தெடுத்தேன் என்றும் நீங்கள் கேட்கலாம். அட்டை கிடந்த இடத்தை மீனவர் தன் ரெலிபோனில் குறித்திருந்தார். அந்த எண்கள் கடிதத்திலேயே இருந்தன. அவற்றை அப்படியே எடுத்தேன். தொழிலில் நான் எப்போதும் துல்லியமானவன்.

கையெழுத்தாகி மூன்று கிழமை. போன கிழமை அன்ரிக்கு இரண்டு அரசுகளும் மரியாதையாக ஒரு கூட்டுப் பதில் அனுப்பின. கண் தெரியாததால் என்னைத்தான் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "இருபத்தைஞ்சு வருசமோ" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நான் வந்தபோது சப்பாத்துப் போட மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு போகவே இல்லை. இன்னும் ஒரு கிழமை தாங்கினால் பெரிய காரியம் என்று டொக்டர் திங்கட்கிழமை சொன்னார். இன்றைக்கு வியாழன்.

அந்தத் திட்டைத் தோண்டினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நாலு பேருடைய எலும்பு வரும். அலை கொண்டுவந்து போட்டது போலச் சிதறி இராது. வரிசையாக, தலையெல்லாம் கிழக்குப் பக்கமாக, கைகள் நெஞ்சில் வைத்தபடி இருக்கும். செத்தவர்கள் தங்களைத் தாங்களே அப்படி அடக்கம் செய்ய மாட்டார்கள். யாரோ திரும்பி வந்திருக்கிறான் என்று சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

படகு கவிழவில்லை. பாதி வழியில் ரோந்துப் படகின் வெளிச்சம் தெரிந்தது. நான் பயந்துவிட்டேன். ஏழாம் திட்டில் படகை ஒட்டி, அக்கரை வந்துவிட்டது, இறங்குங்கள் என்றேன். ஒன்பது பேரும் நன்றி சொல்லித்தான் இறங்கினார்கள். நாளைக்கே வந்து ஏற்றிக்கொள்ளலாம் என்பதுதான் என் எண்ணம். விடிந்ததும் கிளடிஸ் அன்ரி கரையில் நின்றார். சேர்த்துவிட்டாயா என்று கேட்டார். ஆட்களைத் திட்டில் இறக்கிவிட்டு ஓடிவந்த ஓட்டிகளை ஊர் என்ன செய்யும் என்பதைக் கண்ணால் கண்டவன் நான். கவிழ்ந்துவிட்டது என்று வாயில் வந்தது. ஒருதரம் சொன்ன பிறகு, அவர்கள் உயிரோடு திரும்பி வந்தால் என் கதி என்ன என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மூன்று நாள் படையினர் கரையை மூடி வைத்திருந்தார்கள். நாலாம் நாள் போனேன். ஒரு கான் நிறையத் தண்ணீர் கொண்டுபோனேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் இறந்து கிடந்தார்கள். ஐந்து பேர் அடுத்த திட்டுக்கு நடந்து போகப் பார்த்து நீரோட்டத்தில் அகப்பட்டுவிட்டார்களாம். இதைச் சொன்னது றோஸ்மேரி. அவளுக்கு உயிர் இருந்தது.

"ஜூலியஸ் அண்ணை, நீங்கள் வருவீங்கள் எண்டு மற்றாக்களுக்குச் சொன்னனான்" என்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

படகு முப்பது அடி தள்ளி நின்றது. கான் படகில் இருந்தது. இந்தா எடுத்துத் தாறன் என்று சொன்னேன். இரண்டு தரம் எழுந்து பாதித் தூரம் போனேன். இரண்டு தரமும் ஊரை நினைத்தேன், திரும்பி வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகத்தில் வெயில் படாமல், இடுப்பில் கட்டியிருந்த என் சாரத்தை விரித்துப் பிடித்தேன். பின்னேரம் நாலு மணி வரை பிடித்தேன், கை மரத்துப்போனது. மூச்சு அடங்கும் வரை அவள்மேல் என் விரல்கூடப் படவில்லை. ஆட்களைக் கொல்கிறவர்கள் செய்கிற ஒன்றையும் நான் செய்யவில்லை. மற்ற மூவரோடு அவளையும் ஒழுங்காக அடக்கம் செய்து, செபம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அட்டை அவள் சட்டைக்குள் இருந்தது எனக்குத் தெரியாது.

எண்களைத் திருத்தி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இணைப்பை மற்ற இரண்டு இடங்களில் எதற்கு வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் அரசுகள் மாற்றச் சம்மதிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுவரை கிளடிஸ் அன்ரி இருக்கவும் மாட்டார்.

அதனால் உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். நேற்று நான் போனபோது அவர் கண்ணைத் திறந்து, "நீதானே அவளைக் கடைசியாக் கண்டனி. என்ன சொன்னவள்?" என்று கேட்டார். முப்பத்தைந்து வருடமாகக் கேட்கிற கேள்விதான். நேற்று போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன். நான் சொன்னால் உடைந்துபோவேன். நீங்கள் இன்றைக்கே ஒருக்கால் போய்ச் சொல்லுங்கள். முழுவதும் சொல்லத் தேவையில்லை. அவருடைய பிள்ளை தனியாகச் சாகவில்லை, ஊர்க்காரன் ஒருவன் கடைசி மூச்சுவரை பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டான் என்று மட்டும் சொல்லுங்கள். அவருக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கும்.